வழி சொல்கிறவருக்கு என்ன லாபம்?

கோடை விடுமுறைக்கு ஊரும் விடுதியும் தேடும் குடும்பங்களுக்காக, மதுரை ஆனையூரிலிருந்து

மதுரைக்கு நல்ல வழி எது என்று கோவலன் கேட்டது முன்பின் தெரியாத ஓர் ஆளிடம். உறையூரைக் கடந்து வந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன் அவர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் அவர் சொல்லும் பதிலை இன்றைக்கு ஒரு பயண நூலில் அச்சடித்தாலும் குறை சொல்ல முடியாது. முதலில், இந்தக் கொடும் வேனிலில் பெண்ணையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்களே என்று அங்கலாய்க்கிறார். பிறகு, கொடும்பாளூர்க் குளக்கரையில் சிவனுடைய சூலம் போல மூன்றாகப் பிரியும் பாதைகளை ஒவ்வொன்றாக விளக்குகிறார். வலது பக்கம் போனால் காய்ந்த காடு, அதைத் தாண்டினால் ஊர்கள், அப்புறம் பழமரங்கள் நிறைந்த சிறுமலை. இடது பக்கம் போனால் வயலும் சோலையும் கடந்து திருமால்குன்றம், அதாவது நம்ம அழகர்மலை. நடுவழிதான் நேர்வழி. ஆனால் அதில் ஒரு கானுறை தெய்வம் ஆளை மயக்கும், பார்த்துப் போங்கள்.

மூன்றில் இடது வழியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஏறுகிறது. அங்கே ஒரு பிலம், அதற்குள் மூன்று பொய்கைகள், ஒன்றில் முழுகினால் இந்த அறிவு, இன்னொன்றில் முழுகினால் அந்தப் பேறு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் திருமால் அடியார். அரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்டு வந்தவர். கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகளோ சமணத் துறவி. பொய்கையில் முழுகிப் பெற வேண்டியது எங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் உங்கள் தெய்வத்தை நாடிப் போங்கள், நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்று மரியாதையாக முடித்துவிடுகிறார். நடுவழியில் நடக்கிறார்கள். மறையோன் எச்சரித்த தெய்வம் அவர் சொன்னபடியே வருகிறது, மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவத்தில், ஒரு நீர்க்கரையில். கோவலன் மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான்.

அவருடைய புகழ்ச்சியில் சாய்வு இருந்தது. எச்சரிக்கையில் உண்மை இருந்தது. புத்தகம், ஆப், ஆட்டோக்காரர், அத்தை மகன் என்று யாரிடம் வழி கேட்டாலும் இந்தக் கணக்கில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

பங்குனி கழிந்தால் அடிக்கும் போன்

மதுரை மாநகராட்சி 2011-ல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது, அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளோடு சேர்ந்து உள்ளே வந்தது ஆனையூர். கூடல்நகர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், அலங்காநல்லூர் சாலைப் பக்கம் உள்ள குடியிருப்புப் பகுதி. விடுதி தேடி இங்கே யாரும் வருவதில்லை. ஆனாலும் பங்குனி கழிந்தால் இங்குள்ள வீடுகளில் பாதி சுற்றுலா அலுவலகமாக மாறிவிடும். தாம்பரத்திலிருந்து சித்தி பேசுவார், சிங்கப்பூரிலிருந்து கொழுந்தியாள் பேசுவார். “மாப்ள, பதினாலு பேரு வர்றோம். கோயில் பக்கத்துல ரூம் பாத்து வைங்க. ரொம்பக் காசு வேணாம், ஆனா சுத்தமா இருக்கணும். கார் நிறுத்த எடம் இருக்கணும்.”

கோயில் பக்கம், மலிவு, சுத்தம், கார் நிறுத்தம் என்ற நாலும் ஒரே விடுதியில் மதுரையில் சேர்வது அபூர்வம். நாலில் எதை விடுவது என்று கேட்டால் எதிர்முனை கொஞ்சம் மௌனமாகும். அதற்குள் நம் வீட்டில் ஒரு குரல் எழும்: “நம்ம வீடு இருக்கையில லாட்ஜுல தங்குனா நாலு பேரு என்ன சொல்லுவாக?”

இந்த உபசாரத்திலும் ஒரு சாய்வு உண்டு. கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வீட்டு ஆண். பதினாலு பேருக்கு மூன்று வேளை சமைப்பவர் பெரும்பாலும் அவர் இல்லை. ஒரு குடும்பத்தின் விடுமுறை இன்னொரு குடும்பத்தின் அடுப்படியில் வேலையாக இறங்குகிறது. குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்த வாரத்தில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில், இது சின்ன விஷயம் இல்லை. ரூம் எடுத்துத் தங்கி, ஒருவேளை விருந்துக்கு வீட்டுக்கு வருவதே இரு தரப்புக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். சொந்தக்காரர்களிடமிருந்து வாங்க வேண்டியது வேறு: எந்தத் தெருவில் ராத்திரி முழுக்க லாரி இறங்கும், எந்த லாட்ஜில் லிப்ட் பாதி நாள் ஓடாது என்பது போன்ற எச்சரிக்கைகள். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது?

லண்டனில் ஜான் மர்ரே நிறுவனம் எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய இந்தியக் கைநூலின் சென்னை மாகாணப் பகுதியை 1859-ல் வெளியிட்டது. மதுரைக்கு ரயில் வர அப்போது இன்னும் 16 வருடம் இருந்தது. பல்லக்கும் மாட்டு வண்டியும் வைத்துப் பயணம் போகிற ஆங்கிலேய அதிகாரிக்கும் அவர் குடும்பத்துக்குமான நூல் அது. 1973-ல் டோனி வீலரும் மாரீன் வீலரும் தொடங்கிய லோன்லி பிளானெட், 1981-ல் இந்தியாவுக்கென்று தடிமனான ஒரு புத்தகம் போட்டது. முதுகில் பையோடு, கையில் குறைந்த காசோடு, தனியாக வரும் வெள்ளைக்கார இளைஞர்தான் அதன் வாசகர். மொட்டை மாடியில் கோபுரக் காட்சி உண்டா என்று அவர் தேடுவார். சர்க்கரை நோயாளி அப்பாவுக்கு ராத்திரி எட்டு மணிக்குள் இட்லி கிடைக்குமா என்பது அவர் கவலை இல்லை.

தமிழில் நிலைமை நேர் எதிர். ஏ.கே. செட்டியார் 1968-ல் தொகுத்த நூறாண்டுக்கு முற்பட்ட பயணக் கட்டுரைகளும் சரி, தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’யும் சரி, படிக்க அருமையானவை. தொண்டைமானோடு ஒரு கோயிலுக்குள் நுழைந்தால் ஒரு தூணையும் விடாமல் காட்டிவிடுவார். வெளியே வந்து எங்கே படுப்பது என்பதற்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும். நம்மவர்கள் ஊரைப் பற்றி நிறைய எழுதினார்கள், அறையைப் பற்றி எழுதவில்லை. ஒருவேளை அவர்கள் காலத்தில் அறை என்பது சொந்தக்காரர் வீடு அல்லது சாதிச் சத்திரம். கேள்வியே எழுந்திருக்காது. எல்லோருக்கும் அப்படி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீனாட்சி கோயிலுக்குள்ளேயே 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துப்போன பிறகுதான் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைய முடிந்தது. எந்தச் சத்திரத்தில் யாருக்கு இடம் இல்லை என்பதை அந்தக் காலத்து வழிநூல் எதுவும் எழுதி வைத்திருக்காது.

இருந்தாலும் ஒரு இடத்துக்குப் போகுமுன் அந்த இடத்தைப் பற்றி மட்டும் ஒரு நூலைப் புரட்டிவிட்டுப் போவது வேறு அனுபவம். அழகர்கோயிலுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ நூலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி வரும் பகுதியையாவது படித்துவிட்டுப் போகலாம். பூட்டிய கதவுக்கு முன் நின்று ஊரே ஏன் கும்பிடுகிறது என்று பிள்ளை கேட்டால் பதில் இருக்கும்.

ஆப் சொல்லாத விடுதி

இப்போது முக்கால்வாசிப் பேர் கேட்பது கைபேசியிடம். அது காட்டும் வரிசை எப்படி வருகிறது? இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. எங்கள் தளத்தில் இருக்கும் விலையை விடக் குறைவாக வேறெங்கும் விற்காதே என்று விடுதிக்காரர்களுக்குப் போட்ட நிபந்தனையும், ஓயோவுக்கு இடம் கொடுத்து ட்ரீபோ, ஃபேப் ஹோட்டல்ஸ் போன்ற போட்டியாளர்களை அந்தத் தளத்திலிருந்து விலக்கியதும் அந்த வழக்கின் மையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. நமக்கு அதில் தெரிவது ஒன்று: திரையில் வராத விடுதி இல்லாத விடுதி ஆகிவிடாது.

அதனால் ஆப்பில் பார்த்துவிட்டு, விடுதியின் வரவேற்பு மேசைக்கே ஒரு போன் போடுவது நல்லது. விலை குறைகிறதோ இல்லையோ, எடுத்துப் பேசுகிறவர் பேசும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். “வெந்நீர் எப்ப வரும்?” என்று கேளுங்கள். “24 மணி நேரமும்” என்று யோசிக்காமல் சொல்கிறவரை விட, “காலையில ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் சார்” என்று சொல்கிறவரை நம்பலாம்.

விமர்சனங்களுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசுக்கு எழுதிய பாராட்டைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் பின்பற்றுவது நிறுவனத்தின் விருப்பம். ஆகவே மறையோன் கணக்கையே இங்கேயும் போடுங்கள். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் கடந்த ஆறு மாதத்தில் எழுதியதைப் படித்தால் போதும். ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியே சொல்லியிருந்தால் அது மெய். விடுதி போட்ட படத்தில் எல்லா அறையும் கல்யாண மண்டபம் அளவு இருக்கும். தங்கியவர் எடுத்த படத்தில்தான் ஜன்னல் திறந்தால் பக்கத்துச் சுவர் என்பது தெரியும்.

கைபேசி நுழையாத இடம்

வழிகாட்டிகளில் மிக நவீனமானதுக்கு மதுரையின் மிக முக்கியமான இடத்தில் அனுமதி இல்லை. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் கைபேசி தடை செய்யப்பட்டது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரைபடமும் ஒலி வழிகாட்டியும் வெளியே தங்கிவிடுகின்றன. வெளிமாநிலப் பாட்டி, கைக்குழந்தை, கோபுரங்களை எண்ணிக்கொண்டே பின்தங்கும் பையன் என்று ஒரு குடும்பம் உள்ளே பிரிந்துவிட்டால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. “வழி தப்புனா பொற்றாமரைக் குளத்துப் படியில வந்து உக்காரு” என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது பழைய மதுரை வழக்கம். கைபேசி வந்த பிறகு மறந்து, தடைக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது.

அதனாலேயே இங்கே மனித வழிகாட்டிக்கு இன்னும் மதிப்பு. ஒன்றிய, மாநிலச் சுற்றுலாத் துறைகள் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருகின்றன. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உண்மையான வழிகாட்டி அதற்குக் கோபப்பட மாட்டார். எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய், எந்த மொழி என்பதை வாசலுக்கு வெளியிலேயே பேசி முடித்துவிட வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் இன்னொரு வகையினரும் உண்டு. “மாடியில இருந்து கோபுரம் பாருங்க, காசே வேணாம்” என்பார்கள். மாடிக்குப் போகும் படி கம்பளமும் பட்டும் விற்கும் கடைக்குள் இருக்கும். காட்சி நிஜமாகவே அருமை. இறங்கி வரும்போது கடை அவ்வளவு சீக்கிரம் விடாது. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் தெற்குக் கோபுரத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அதே கோபுரம்தான்.

வழிகாட்டி நல்லவரா என்று அறிய ஒரே கேள்வி போதும்: “நாங்க பன்னெண்டு மணிக்கு வரலாமா?” மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வரலாம் என்று தலையாட்டுகிறவர் வேண்டாம். “காலையில ஏழுக்குள்ள வாங்க, இல்லன்னா ராத்திரி பள்ளியறை பூசைக்கு வாங்க, மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைங்க” என்று சொல்கிறவர் உங்கள் குடும்பத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

நகரத்துக்கு வெளியே, கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி போன்ற இடங்களுக்குக் கூலி வழிகாட்டி கிடைப்பது அரிது. அங்கெல்லாம் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் ‘பசுமை நடை’ குழு ஆண்டுக்கணக்கில் மக்களைத் திரட்டி அழைத்துப் போயிருக்கிறது. கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையின் முன் நின்று விளக்கக் கேட்ட பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள். உங்கள் பயணத் தேதியில் அப்படி ஒரு நடை அமைந்தால் அதற்கேற்ப மற்றதை மாற்றிக்கொள்வது தகும். கீழடிக்கு இந்தக் கவலை இல்லை. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் பலகைகளே நிறையச் சொல்லிவிடும். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மாதரியின் வீடு

மறையோன் வழி சொன்னார். தங்க இடம் பார்த்தவர் கவுந்தியடிகள். மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் அவர் காத்திருந்தபோது, இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பிய ஆயர் முதுமகள் மாதரியைப் பார்க்கிறார். கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கிறார். மாதரி கொடுத்தது செம்மண் பூசிய, காவலுள்ள தனி வீடு. இவர்கள் உண்ணும் முறை வேறு என்று தெரிந்து, புதுச் சட்டிப் பானையும் அரிசியும் காய்கனியும் பாலும் அனுப்பிவைக்கிறாள். தனி வாசல், பாதுகாப்பு, சொந்தச் சமையல்: இன்றைக்குக் குழந்தையோடு போகும் எந்தத் தாயும் கேட்பது இந்த மூன்றும்தான்.

மதுரையில் இன்று அறை தேடினால் முதலில் தெருவைப் பார்க்க வேண்டும். கோயிலைச் சுற்றி சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. சித்திரை வீதிகளில் வாகனம் போகாது. டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜுகள் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு வசதி, வேன் நிறுத்துவது தலைவலி. ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு மேல வெளி வீதியில் ஒன்று, அழகர்கோயில் சாலையில் ஒன்று. பூச்சு வேலைகளை மன்னித்துவிட்டால் அறைகள் பெரிசு. காசு பொருட்டில்லை என்பவர்களுக்குப் பசுமலைக் குன்றின் மேல் ஒன்றும், கோச்சடையில் ஒன்றும் உண்டு. கோச்சடையில் இருப்பது 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஆலை அதிகாரிகளின் கிளப்புக்காக வடிவமைத்தது. தங்காவிட்டாலும் ஒரு காபி குடித்துவிட்டு அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்து வரலாம்.

செக்-அவுட் முறையைக் கேட்க மறக்கக் கூடாது. ஊரின் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு: விடிகாலை ரயிலில் இறங்கி ஐந்து மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் ஐந்து மணி வரை. பெரிய ஓட்டல்களில் பகல் பன்னிரண்டு. விடிகாலையில் வந்தால் ஏழு மணி நேரம் வரவேற்பறை சோபாவில் குழந்தையோடு உட்கார வேண்டியிருக்கும், அல்லது ஒரு நாள் வாடகை கூடுதல். அந்த ஒரு விதியில் மலிவானது விலை கூடிவிடும், விலை கூடியது மலிவாகிவிடும். வரியும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம். பழைய பன்னிரண்டு சதவீதத்தைப் பில்லில் யாராவது போட்டால் கேளுங்கள். கேட்டும் சரியாகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சித்திரைத் திருவிழாவில் மட்டும் இந்த அறிவுரை எதுவும் செல்லாது. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கிடைத்த அறையே நல்ல அறை. தை மாதம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வருகிறவர்கள், நகரத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் எங்கள் பக்கம் யார் வீட்டு மாடியாவது கிடைக்குமா என்று பார்ப்பது தேவலை.

மலைக்குக் கிளம்பும்போது

நாங்களும் எங்கேயாவது போக வேண்டுமே. ஆனையூரிலிருந்து கிளம்பும் குடும்ப வேன்களில் பெரும்பாலானவை கொடைக்கானலுக்குத்தான். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆரப்பாளையம். வெளியூர்க்காரர் பலர் மாட்டுத்தாவணியில் போய் நின்று விசாரிப்பார்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் தேவை. பாஸ் பதியும்போதே எங்கே தங்குகிறோம் என்று கேட்பார்கள், ஆகவே அறையை முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூணாறு, தேக்கடி என்றால் வேனுக்குக் கேரள பெர்மிட் வரி. அதை வாடகையில் சேர்த்துப் பேசினீர்களா என்று பாருங்கள்.

மலையில் ‘ஹோம் ஸ்டே’ என்ற பலகைகள் ஏராளம். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் பதிவான வீட்டில் அதிகபட்சம் ஆறு அறைகள் இருக்கலாம், வீட்டுக்காரர் அங்கேயே வசிக்க வேண்டும். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்ட ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் இந்த விதியின் சாரம். சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு உரிமையாளர் பெங்களூரில் இருந்தால் அது காலி பங்களா.

இன்னொரு அறை பற்றி எந்த வழிநூலும் பேசுவதில்லை. பதினாலு பேருக்கு நாலு ரூம் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்வோம். டிரைவர் எங்கே படுப்பார்? பேட்டாவைக் கொடுத்துவிட்டோமே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். டிசம்பர் குளிரில் வேன் சீட்டில் முடங்கிப் படுத்து, கண் எரிய எழுந்தவர்தான் மறுநாள் வத்தலக்குண்டு வரை நம் பிள்ளைகளைக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்குகிறார். சில விடுதிகளில் டிரைவர்களுக்கென்று தனி அறை, கட்டில், வெந்நீர் உண்டு; சாப்பாடும் சில இடங்களில் உண்டு. பல இடங்களில் கிடையாது. அறை பதியப் போன் போடும்போது வெந்நீரைக் கேட்ட கையோடு அதையும் கேட்டுவிடுங்கள். இல்லை என்று சொன்னால், அவருக்குப் பக்கத்தில் ஒரு சிங்கிள் ரூம் என்ன வாடகை என்று கேளுங்கள்.